மலை நகர்கிறதா என்று பார்க்கப் போனேன்

என்ன வேலை என்று கேட்பவர்களிடம் "மலை நகர்கிறதா என்று பார்க்கிறேன்" என்று சொன்னால், இதுவரை ஒருவர்கூடச் சிரிக்காமல் இருந்ததில்லை. பெல்மதுளையில் மளிகைக் கடை வைத்திருக்கும் என் அப்பாவே, கடைக்கு வருகிறவர்களிடம் மகள் ஏதோ கந்தோரில் கோப்பு எழுதும் வேலை செய்கிறாள் என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

நான் இருப்பது மலைகளைப் பாதுகாக்கும் ஒரு சின்ன அமைப்பில். றக்வானைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். பெயர் வேண்டாம். அங்கே தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றான ஐந்தாம் நம்பர் லயத்தில் பதினான்கு குடும்பங்கள். லயத்துக்கு நேர் மேலே செங்குத்தான தேயிலைச் சரிவு, அதற்கும் மேலே உச்சியில் ஒரு துண்டுக் காடு. எல்லோரும் அதை மேல்காடு என்பார்கள். அதை வெட்டிவிட்டு, பட்டை உரித்து விற்கும் கருவா நடுவதாகத் தோட்டத்தில் முடிவு செய்திருந்தார்கள். மரங்கள் போனால் பெய்கிற மழையெல்லாம் சரிவுக்குள் இறங்கும், சரிவு லயத்தின் மேல் இறங்கும் என்றார் எங்கள் பண்டார சேர். அவர் மண்ணையும் பாறையையும் படித்தவர். ஆனால் "சேர் சொன்னார்" என்பதற்காக யாரும் ஒரு திட்டத்தை நிறுத்துவதில்லை. சான்று வேண்டும். அதைச் சேர்க்கத்தான் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை நான் மலையேறினேன்.

கையில் கோப்பும் தோளில் பையுமாக வீடு வீடாக ஏறி இறங்குகிறவர்களே, மின்சார மீட்டர் பார்க்கிறவர்களே, வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டுக் குடிசன மதிப்புக்கு வருகிறவர்களே, நாய் குரைத்தும் தேநீர் கிடைத்தும் பழகியவர்களே, இதை உங்களை நினைத்துத்தான் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நம் கஷ்டம் எங்கே புரியப் போகிறது!

மழையே பெய்யாத சித்திரை

முதலில் லயத்து முற்றத்தில் மழைமானி வைத்தோம். பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஒரு கம்பத்தில் கட்டிய கண்ணாடிப் போத்தல், அதன் வாயில் ஒரு புனல், பக்கத்தில் அளவுக் கோடுகள். ஒரே நாளில் தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டால் ஆபத்து. தினமும் காலை எட்டு மணிக்கு அளவைப் பார்த்து எழுதிவிட்டு, தண்ணீரைக் கொட்டிவிட வேண்டும். இந்தப் பொறுப்பைப் பாக்கியம் அக்காவிடம் கொடுத்தோம். பிள்ளைமடுவத்தில் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவர். எல்லோரும் கொழுந்தெடுக்கப் போன பிறகும் லயத்துப் பக்கம் இருப்பவர் அவர் ஒருவர்தான். கையெழுத்தும் அச்சடித்த மாதிரி இருக்கும்.

சித்திரை முடிந்து தாளை வாங்கிப் பார்த்தேன். முப்பது நாளும் "தண்ணி இல்லை", "தண்ணி இல்லை". அந்த மாதம் நான் மலையேறிய இரண்டு தடவையும் தொப்பலாக நனைந்துதான் இறங்கியிருந்தேன். காலில் சவர்க்காரக் கட்டியைத் தேய்த்தும் இரத்தம் குடிக்கிற அட்டை விடவில்லை. எனக்கு வந்த கோபத்தில் குடையை அங்கேயே விட்டுவிட்டு வந்துவிடலாம் போல இருந்தது. விசாரித்தால் விஷயம் இதுதான்: சுகாதாரப் பரிசோதகர் வந்து, பிள்ளைமடுவத்தைச் சுற்றி ஒரு சொட்டுத் தண்ணீர் தேங்கியிருந்தாலும் டெங்கு வரும், வழக்கும் வரும் என்று எச்சரித்துவிட்டுப் போயிருக்கிறார். அன்றிலிருந்து அக்கா விடியற்காலையில் ஒரு சுற்று வந்து சிரட்டை, பழைய டயர், பூச்சட்டி எல்லாவற்றிலும் உள்ள தண்ணீரைக் கவிழ்த்துவிடுவார். கையோடு நம் போத்தலையும். பிறகு சரியாக எட்டு மணிக்கு வந்து, உள்ளதை உள்ளபடி எழுதியிருக்கிறார்.

நான் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். அக்கா எனக்குத் தேநீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, பாவப்பட்டுச் சொன்னார்: "மழை பெஞ்சிச்சான்னு தெரியணும்னா எங்கிட்ட கேளுங்க மிஸ், நாஞ் சொல்றேன். அதுக்காக போத்தல்ல புடிச்சு வச்சா கொசுதான் வரும்."

கட்டை அடித்தால் அதற்கு ஒரே அர்த்தம்

சரிவு இறங்குகிறதா என்று பார்க்க, தேயிலைக்கு நடுவே வரிசையாக ஆறு மரக்கட்டைகள் அடித்து, தலையில் சிவப்புச் சாயம் பூசினோம். கட்டைக்குக் கட்டை தூரத்தை நாடாவால் அளந்து எழுதிக்கொண்டோம். அடுத்த முறை தூரம் கூடியிருந்தால் மண் நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம். நான் எழுத, சேர் ஒரு பிடி மண்ணை எடுத்து விரலால் நசுக்கிப் பார்த்து, வெயிலில் பிடித்துப் பார்த்து, திருப்தியாகத் தலையாட்டினார். அந்தத் தலையாட்டல்தான் வினையாகிவிட்டது.

இரண்டு வாரம் கழித்துப் போனால் கட்டைகள் இல்லை. கட்டை இருந்த ஆறு இடத்திலும் ஆளுயரக் குழி. நான்கு குழியில் ஆள் இருக்கிறது. ஒரு குழிக்குள்ளிருந்து தலையை நீட்டியவர் செல்வராஜ் அண்ணன். தோட்டத்துச் சாமான் அறையில் மண்வெட்டியும் கவ்வாத்துக் கத்தியும் எடுத்துக் கொடுக்கும் பொறுப்பில் இருப்பவர், பொறுமையான மனிதர், லயத்தில் கடைசிக் காம்பரா வீட்டில் குடியிருப்பவர். அவரே இப்படியென்றால் மற்றவர்களைச் சொல்லி என்ன? இது மண்ணைத் தோண்டினால் மாணிக்கக் கல் கிடைக்கும் இரத்தினபுரி மாவட்டம் என்பதை நாங்கள்தான் மறந்துவிட்டோம். சரிகிறதா என்று பார்க்க வந்த சரிவில் நாங்களே ஆறு குழி தோண்ட வழி செய்துவிட்டோம். சேர் தலையிலடித்துக்கொண்டு, சிங்களத்தில் என்னவோ முணுமுணுத்தார். நான் அதை மொழிபெயர்க்கவில்லை.

மறுநாள் காலை, வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டில் ஆட்கள் கூடியபோது விஷயத்தை விளக்கிச் சொன்னேன். அன்றைக்கே எல்லோருமாகச் சேர்ந்து குழிகளை மூடி, மண்ணை மிதித்து இறுக்கிக் கொடுத்தார்கள். ஆனால் செல்வராஜ் அண்ணனுக்கு மனது ஆறவில்லை. "மிஸ், படிச்ச ஆளு ஒருத்தரு வந்து மண்ண நசுக்கிப் பாத்து, தலைய ஆட்டி, சிவப்புக் கட்டை அடிச்சிட்டுப் போனா இந்த ஊர்ல அதுக்கு ஒரே அர்த்தந்தாங்க. கல்லு இல்லேன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல?"

தொரையின் சந்தேகம்

தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை இளவயதுக்காரர். தெற்கே காலி நகரத்திலிருந்து வந்தவர். கொழுந்துக்காரர்களோடு பேசிப் பேசி எங்கள் தமிழை நன்றாகவே பேசுவார். கெட்ட மனிதர் என்று சொல்லமாட்டேன். மேலிடத்துக்குப் பதில் சொல்லவேண்டிய நிலையில் இருப்பவர், அவ்வளவுதான். மேல்காட்டை வெட்டுவதற்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. மழைக்காலத்துக்கு முன்பே வெட்டி முடிக்க வேண்டுமாம். நான் என்னிடம் இருந்த தாள்களையெல்லாம் அடுக்கிக்கொண்டு அவருடைய கந்தோருக்குப் போனேன்.

என்னிடம் என்ன இருந்தது? மழை பெய்யாத ஒரு சித்திரை. காணாமல் போன ஆறு கட்டை. லயத்துச் சுவர் வெடிப்பைப் பற்றி "அசைவு இல்லை" என்று நானே எழுதிய பக்கங்கள். சொல்லிக்கொண்டு போகப் போக எனக்கே குரல் இறங்கிவிட்டது. தொரை ஒவ்வொரு தாளாகப் புரட்டி, சிரிக்காமல் இருக்க முயற்சி செய்து, முடியாமல் சிரித்துவிட்டார்.

"மிஸ், ஒங்க பேப்பர்ல ஒரு மாசம் பூரா வெயில். என் பெக்டரி ஸ்டோருக்கு ஒரு நாள்கூட கொழுந்து நனையாம வரல்ல. நான் எதை நம்புறது, சொல்லுங்க?"

பூப்போட்ட கண்ணாடி

அந்த வெடிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது செல்வராஜ் அண்ணன் வீட்டுப் பின்சுவரில், மேலிருந்து கீழாக ஓடியது. வெடிப்பின் குறுக்கே, இரண்டு விரல் அகலத்தில் ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டைச் சேர் பசை வைத்து ஒட்டியிருந்தார். சுவர் ஒரு மயிரிழை விலகினாலும் கண்ணாடி உடைந்துவிடும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிடத் திறமாகச் சொல்லாது என்பார் அவர். நான் ஒவ்வொரு முறையும் போய்ப் பார்ப்பேன். கண்ணாடி முழுசாக இருக்கும். "அசைவு இல்லை" என்று எழுதிவிட்டு, அவர் மனைவி கொடுக்கும் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு வருவேன்.

தொரையிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அன்று, போகிற வழியில் அங்கேயும் தலையைக் காட்டினேன். வெயில் சாய்வாக ஜன்னலால் விழுந்து கண்ணாடி பளிச்சென்றது. கிட்டப் போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் சின்னச் சின்னப் பூக்கள். குளியலறை ஜன்னலுக்குப் போடுகிற மாதிரிக் கண்ணாடி. நாங்கள் ஒட்டியது வெறும் கண்ணாடி. "அண்ணே, இது நாங்க வச்சதில்லையே?" என்று கேட்டேன்.

அவர் முகம் சுருங்கிப் போனது. பிள்ளைகள் பந்தடித்துத்தான் உடைத்துவிட்டார்கள் என்று நினைத்திருக்கிறார். எங்கள் சாமானைக் கவனமில்லாமல் வைத்திருந்ததாக நாங்கள் எழுதிவிடுவோமோ என்று பயம். அதனால் உடைந்த ஒவ்வொரு தடவையும், தோட்டத்துப் பட்டறையில் கிடந்த பழைய கண்ணாடியில் அதே அளவுக்கு அறுத்து, தானே ஒட்டியிருக்கிறார். ஒரு தடவையல்ல, நான்கு தடவை. சுவர் நான்கு தடவை விலகியிருக்கிறது. அவர் பிள்ளைகள் அந்தச் சுவருக்குக் கீழேதான் பாய் போட்டுப் படுக்கிறார்கள். நான் அதே சுவர் முன்னால் நின்று "அசைவு இல்லை" என்று எழுதி ரொட்டி சாப்பிட்டிருக்கிறேன். வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது.

நான் திட்டப் போகிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, உள்ளே போய் ஒரு பிஸ்கட் டின்னைக் கொண்டுவந்து திறந்தார். உடைந்த துண்டுகள் நான்கு பொட்டலமாக இருந்தன. பிள்ளைகளின் கையைக் கிழித்துவிடக் கூடாது என்று, உடைந்ததைக் கண்ட அன்றைய தேதிக் கலண்டர் தாளைக் கிழித்து அதிலேயே ஒவ்வொன்றையும் சுற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு பொட்டலத்தின் மேலும் தேதி பெரிதாகத் தெரிந்தது. தோட்டத்துச் சாமான் அறையில் பழைய மண்வெட்டியைத் திருப்பிக் கொடுக்காமல் புதிய மண்வெட்டி வாங்க முடியாது. அந்தச் சட்டத்தை மற்றவர்களுக்குச் சொல்லிச் சொல்லியே வாழ்ந்தவர் அவர். டின்னை என் கையில் வைத்துவிட்டுச் சொன்னார்: "பழசக் காட்டினாத்தான் புதுசுன்னு எனக்குத் தெரியாதா மிஸ்? அதான் ஒன்னையும் தூக்கி வீசல. சரியா இருக்கான்னு எண்ணிப் பாத்துக்குங்க."

கந்தோர் மேசையில் நான்கு பொட்டலம்

சேரையும் கூட்டிக்கொண்டு மறுபடி கந்தோருக்குப் போனேன். இந்த முறை தாள் எதுவும் கொண்டுபோகவில்லை. பொட்டலங்களை ஒவ்வொன்றாகத் தொரையின் மேசையில் வைத்தேன். பிறகு, தோட்டத்தில் எத்தனையோ காலமாக எழுதிவரும் மழைப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்ல முடியுமா என்று கேட்டேன். முதல் தடவையே எனக்கு இது தோன்றியிருக்க வேண்டும். மழை அளக்கும் தேயிலை ஸ்டோர் கீழே பள்ளத்தில் இருப்பதால் அந்த அளவு உச்சிக்குச் சரிவராது என்று ஒதுக்கியிருந்தோம். நம் கருவி மேல் நமக்கு இருக்கும் கர்வம் அப்படி.

கந்தோர்க் கணக்கு எழுதும் கிளாக்கர் ஐயா புத்தகத்தைக் கொண்டுவந்து தேதி தேதியாக வாசித்தார். நான்கு தேதிக்கும் முதல் நாள் பெருமழை. பெருமழை பெய்யாத நாட்களில் கண்ணாடி உடையவில்லை. எழுதியிருந்தது அவர்களுடைய புத்தகத்தில், விலகியது அவர்களுடைய சுவர். இடையில் நாங்கள் செய்தது ஒன்றுமில்லை. காடு மேலே நின்று இவ்வளவு தண்ணீரை வாங்கிக்கொள்ளும்போதே சுவர் இப்படி விலகுகிறது, அதையும் வெட்டினால் என்ன ஆகும் என்று சேர் அமைதியாகக் கேட்டார். தொரை வெகுநேரம் ஒரு கலண்டர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அதில் ராகு காலம் போட்டிருந்தது.

பிறகு மேல்காட்டைத் தொடுவதில்லை என்றும், சரிவில் தூர்ந்து கிடக்கும் வடிகால் கான்களை வெட்டித் தண்ணீரைப் பக்கத்து ஓடைக்குத் திருப்ப ஆள் தருகிறேன் என்றும் சொன்னார். லயத்துக்கு வேறு இடம் கேட்டு எழுதுவதாகவும் சொன்னார். அதற்கு நாளாகும் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். நாங்கள் எழுந்தபோது அவருடைய கவலை வேறாக இருந்தது: "கருவா வேற பக்கம் போடலாம் மிஸ், அது பிரச்சினை இல்ல. மேலிடத்துக்கு நான் காரணம் என்னான்னு எழுதுறது? செல்வராஜ் கண்ணாடி மாத்தினான்னா?"

மாட்டுக்கு ஓர் இடம்

வேறு இடம் கிடைக்கும்வரை, தண்ணீர் சிவப்புக் கோட்டைத் தொட்டதும் லயம் முழுவதும் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய்விட வேண்டும் என்று ஏற்பாடு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒத்திகை பார்த்தோம். பதின்மூன்று குடும்பங்கள் வந்து சேர்ந்தன. ஒரு வீட்டார் தொலைக்காட்சிப் பெட்டியையும் தூக்கி வந்திருந்தார்கள். வராதது யார் தெரியுமா? சிவப்புக் கோட்டைப் பார்த்து எல்லோருக்கும் சொல்ல வேண்டிய பாக்கியம் அக்காதான்.

தேடிப் போனால் தன் பசுவின் பக்கத்தில் நிற்கிறார். நான் உயிரின் அருமை, மண்சரிவின் வேகம் என்று அங்கேயே ஒரு சொற்பொழிவு ஆற்றினேன். அக்கா கடைசிவரை மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். "எல்லாஞ் சரிங்க மிஸ். மாட்டுக்கு ஒரு எடம் பாத்துட்டு வந்து சொல்லுங்க. அப்புறம் நான் வரலேன்னா என்னைய கேளுங்க."

தலைமை ஆசிரியரான அதிபரிடம் கெஞ்சிப் பள்ளிக்கூடத்து விறகுக் கொட்டிலை வாங்கினோம். அடுத்த ஒத்திகையில் முதலில் வந்து சேர்ந்தது பசுதான்.

போத்தல் வந்த விதம்

வைகாசி மழை ஒரு சனிக்கிழமை பிடித்தது. காலையிலிருந்து பெல்மதுளையிலேயே ஓட்டில் விழுகிற சத்தத்துக்குப் பேச்சுக் கேட்கவில்லை. கடையில் அப்பாவுக்கு உதவியாக நின்றேனே தவிர, பருப்பு கேட்டவருக்குச் சீனி நிறுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். பாக்கியம் அக்காவுக்கு எத்தனை தடவை எடுத்தாலும் தொலைபேசி வேலை செய்யவில்லை. சேர் இரத்தினபுரியில் வெள்ளத்தில் மாட்டியிருந்தார். மத்தியானம் இரண்டு மணிக்கு என் தொலைபேசி அடித்தது. நிறுத்துக்கொண்டிருந்த சீனியை அப்படியே விட்டுவிட்டு எடுத்தேன், அப்பா பார்த்துக்கொண்டிருந்தார். பாக்கியம் அக்காதான்.

"மிஸ், தண்ணி சிவப்பத் தாண்டிருச்சு. நாங்க பதினாலு வீட்டு ஆளுகளும் பள்ளிக்கூடத்துல இருக்கோம், மாடும் வந்துருச்சு. போத்தலக் கொட்டல, கழட்டிக் கையோட கொண்டாந்துட்டேன். தட்டு போட்டு மூடி வச்சிருக்கேன், கொசு வராது."

நான் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து அழுதுவிட்டேன். அன்றிலிருந்து அப்பா என் வேலையைப் பற்றிப் பேச்சை மாற்றுவதில்லை.

திரும்பி வராத துண்டு

சரிவு அன்றைக்கு நான்கு மணிக்கு இறங்கியது. மறுநாள் பாதை திறந்ததும் த்ரீவீலரில் பாதி, நடையில் பாதியாகப் போய்ச் சேர்ந்தேன். லயத்தின் கடைசி நான்கு காம்பராக்கள் சேற்றுக்குள். செல்வராஜ் அண்ணன் வீட்டில் கூரைத் தகரத்தின் ஒரு மூலைதான் வெளியே தெரிந்தது. மேல்காடு அப்படியே நின்றது. அதன் ஓரத்தோடு மண் அறுந்து, வேர்கள் பிடித்த இடத்தில் நின்றுவிட்டிருந்தது. அதுவும் சேர்ந்து வந்திருந்தால் பள்ளிக்கூடமும் தப்பியிருக்காது என்று சேர் பிறகு சொன்னார். ஆட்களில் ஒருவருக்கும் ஒன்றுமில்லை. ஆனால் பதினான்கு குடும்பங்களும் இன்னும் வகுப்பறைகளில்தான் இருக்கின்றன. இடம் பார்த்திருக்கிறார்கள், கடிதம் போயிருக்கிறது, நான் கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

அன்று பள்ளிக்கூட வாசலில் செல்வராஜ் அண்ணன் எனக்காகக் காத்திருந்தார். வீடு போன மனிதருக்கு நான் ஆறுதல் சொல்வதற்குள் அவர்தான் முந்திக்கொண்டார். குரலில் உண்மையான வருத்தம் இருந்தது: "மன்னிச்சுக்குங்க மிஸ். கடைசியா ஒட்டின அந்தப் பூப்போட்ட கண்ணாடிய மட்டும் திருப்பிக் குடுக்க முடியாது. மண்ணுக்குள்ள போயிருச்சு."

இத்தனை நாள் இந்த வேலையில் எத்தனையோ சாமானை எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்கியிருக்கிறேன், ஆனால் திருப்பிக் கொடுக்க வேண்டிய ஆள் உயிரோடு முன்னால் நிற்க, சாமான் மட்டும் திரும்பி வராததற்காக நான் சந்தோஷப்பட்டது அந்தக் கண்ணாடித் துண்டு ஒன்றுக்குத்தான்.